முன்னால் இரண்டு தலைகள்

1

இந்தக் கதை கசாபிளாங்கா மைதானத்தின் கடைசிப் படியில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு தலைகளைப் பார்த்ததில் கிடைத்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கணிதம் படித்த கிஸ்லானுக்கு ஒழுங்கின் மீது ஒரு தீராத...’

வேண்டாம். அப்படி அறிமுகப்படுத்தினால் ரசிகர் கூட்டம் அவளை விரட்டிவிடும்.

2

ஆட்டத்துக்கு முன் அட்டைகளைத் தூக்கி கேலரி முழுக்கப் படம் காட்டுவது அங்கே மானப் பிரச்சினை. யார் தூக்குவது என்று இருக்கைதோறும் சீட்டு ஒட்டுவார்கள். அன்று மழையில் சீட்டெல்லாம் கரைந்துவிட்டது. [எதிரணியின் சதி என்று எழுதப் பார்த்தேன். கூச்சமாக இருந்தது.]

முதன்முறையாகப் படத்தை ஒரு பெண்ணிடம் விட்டிருந்தார்கள். சொதப்பினால் அதுவே கடைசி. ஒலிபெருக்கி பிடிக்கும் கூட்டத் தலைவர் புஷைப்பிடம், சீட்டே வேண்டாம், ஒரு விதி போதும் என்றாள் கிஸ்லான்.

“ஒவ்வொருத்தருக்கும் முன்வரிசையில ரெண்டு தலை தெரியும்லண்ணே. அதுல ஒருத்தர் மட்டும் அட்டையத் தூக்கினா நாமளும் தூக்கணும். ரெண்டு பேரும் தூக்கினாலோ, ரெண்டு பேருமே தூக்கலைன்னாலோ கம்முனு இருக்கணும்.”

“படம் எங்கம்மா?”

“அது தானா வரும்.”

“வரலைன்னா எதிர்ப்பக்கம் வருஷம் பூரா சிரிப்பான். நாந்தான் கேட்டுக்கிட்டு நிக்கணும்.”

3

கிஸ்லான் சொல்லிவைத்தபடி கீழ்வரிசையில் ஒரே ஒருவர் தூக்கினார். அவர் பின்னால் இருவர். அதன் பின்னால் இரு ஓரத்திலும் ஒவ்வொருவர், நடுவில் ஓட்டை. முக்கோணத்துக்குள் முக்கோணமாகப் படம் மேலே ஏறியது.

அந்த நேரம் பார்த்து கோல்கீப்பர் களத்துக்குள் வந்தார். மூன்றாம் வரிசையின் கோடியில் ஒருவர், விதியாவது மண்ணாவது என்று அட்டையைத் தூக்கி அவருக்கு வணக்கம் வைத்தார். பின்னால் இருந்தவர்கள் அவரைப் பார்த்து ஒழுங்காகத் தூக்கினார்கள். களத்தோரம் நின்றிருந்த கிஸ்லான் அட்டையை இறக்கச் சொல்லிக் கையசைத்தாள். [இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன்.]

அந்தத் தப்பின் மேலேயே இன்னொரு முக்கோணம் வளர்ந்தது. அதிலும் அதே ஓட்டைகள். இரண்டும் சந்தித்த இடத்தில் பின்னலாகிக் கடைசிப் படிவரை போயின.

“அந்த ஓரத்துல இருக்கிறதும் நீ போட்டதா?”

“இல்லண்ணே. அது தப்பு. ஆனா அதுவும் நம்ம விதிப்படிதான் வளருது.”

புஷைப் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். “அடுத்த ஆட்டத்துக்கும் அந்தத் தப்பைப் போட்டுரும்மா.”

அப்பாடா என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

4

எனக்கும் அப்பாடா என்றிருக்கிறது. முழுக் கதையையும் தலையில் சுமக்க வேண்டாம், முந்தின வரியைப் பார்த்தாலே போதும்.

ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லப்போவதில்லை. கடைசிப் படியில் என் இருக்கையை விட்டு எழுந்துகொள்கிறேன். உட்காருங்கள், இந்தாருங்கள் அட்டை. இடப்பக்கத் தலைக்காரர் தூக்கியிருக்கிறார். வலப்பக்கத்தவர் சும்மா இருக்கிறார். கீழேயிருந்து கிஸ்லான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.