பதில் வராத வீடு

விலாசத்தின் டீ இன்னும் ஆறவில்லை. அதற்குள் கீழே அழைப்பறையிலிருந்து அண்ணி மூச்சு வாங்க மாடியேறி வந்துவிட்டாள்.

"பலகை பூரா சிவப்பா கிடக்கு. ஒரு பெட்டியும் பேச மாட்டேங்குது. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

விலாசம் என்பது அலுவலகம் அவளுக்குச் சூட்டிய பெயர். அண்ணி நிஜமாகவே அவளுடைய அண்ணன் மனைவி. இந்த வேலையை வாங்கித் தந்தவளும் அவள்தான், அதை ஒருநாளும் சொல்லிக்காட்டாதவளும் அவள்தான். தனியாக வசிக்கும் முதியவர்கள், நோயாளிகள் வீட்டில் இந்தக் கம்பெனி ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவைக்கும். கழுத்தில் தொங்கும் பட்டனை அமுக்கினால் பெட்டி இன்டர்நெட் வழியாக அழைப்பறையைக் கூப்பிடும். அண்ணி உடனே ஆளனுப்புவாள்.

கூப்பிட வேண்டுமானால் பெட்டிக்கு அழைப்பறைக் கம்ப்யூட்டரின் எண் தெரிய வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யத் தெரியாது, எண்தான் வேண்டும். பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைச் சொல்வதற்கென்றே பெயர் சர்வர்கள் இருக்கின்றன. அவற்றிடம் முறையாகக் கேள்வி கேட்டு, வருகிற பதிலைப் பிரித்து எடுத்துக் கொடுக்கும் நிரல் துண்டுகளை, மற்றவர்கள் தங்கள் நிரலில் எடுத்தாளும்படி ஒரு லைப்ரரியாக எழுதி வைத்திருந்தாள் அவள். விலாசம் என்ற பெயர் வந்தது அப்படித்தான். அந்த லைப்ரரியை எடுத்துப் பெட்டியின் நிரலில் பயன்படுத்தியவன் பக்கத்து மேசைக்காரன். அவனுக்கு ஒற்றைவரி என்று பெயர். எழுதுகிற நிரலும் ஒரு வரி, பேசுகிற பேச்சும் ஒரு வரி. "கல்யாணம் எப்போப்பா?" என்று கேட்டால் "ஆச்சு" என்பான். எப்போது என்று மறுபடி கேட்டால்தான் "போன மாசம்" என்பது வெளியே வரும்.

இருவரும் திரையைக் குடைந்தார்கள். காலையில் பெயர் சர்வரைப் பழுதுபார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அது யாருக்கும் பதில் சொல்லவில்லை. அதில் பெரிய ஆபத்தொன்றும் இல்லை, திரும்பக் கேட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் பெட்டிகள் திரும்பக் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்கென்று கொடுத்த ஒரு பெயரைச் சொல்லித்தான் அழைப்பறையின் எண்ணைக் கேட்கும்; அந்த வீடு சேவையை விட்டு விலகினால், அந்தப் பெயரைச் சர்வரிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். 'அப்படியொரு பெயர் இல்லை' என்று பதில் வந்ததும் பெட்டி உறங்கிவிடும். இன்றைக்குச் சர்வர் மௌனமாக இருந்ததையே 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, எல்லாப் பெட்டிகளும் கூண்டோடு உறங்கிப்போயிருந்தன.

"என்னோட லைப்ரரி ரெண்டையும் தனித்தனியாத்தான் சொல்லுது. 'இல்லை'ன்னா ஒரு குறி, 'பதில் வரலை'ன்னா வேற குறி," என்றாள் விலாசம். "நீ அதைப் பார்க்கவே இல்லை."

"விடையா திரும்பி வர்றது ரெண்டுக்கும் ஒரே எண்," என்றான் ஒற்றைவரி.

"காரணக் குறி பக்கத்திலேயே தனியா இருக்கே!"

"மூலையில இருக்கு."

அவளுக்கு ஜிவ்வென்று ஏறியது. மேலாளர் வரட்டும், விளக்கக் குறிப்பைத் திறந்து வரிவரியாகக் காட்டிவிடலாம் என்று மனதுக்குள் வாதத்தை அடுக்கத் தொடங்கினாள்.

அண்ணிக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. "சரி, எப்படி எழுப்புறது? அதைச் சொல்லுங்க."

இங்கிருந்து எழுப்ப வழியில்லை. உறங்கிய பெட்டி யாரிடமும் எதையும் கேட்காது, அதனால் எதையும் அனுப்பவும் முடியாது. அந்தந்த வீட்டில் யாராவது பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருக வேண்டும். அண்ணி இடுப்பில் கைவைத்து ஒரு கணம் நின்றாள். பிறகு மாடியில் இருந்த அத்தனை பேரையும் கீழே இறக்கி ஆளுக்கொரு போனைக் கையில் திணித்தாள்.

விலாசம் இதுவரை இந்தப் பெட்டி வைத்திருப்பவர் ஒருவரிடமும் பேசியதில்லை. முதலில் எடுத்த அம்மா, "பிளக்கா? அது பீரோவுக்குப் பின்னாடி இருக்கும்மா, என்னால குனிய முடியாதே," என்றார். அடுத்தவர் பிளக்கைப் பிடுங்கினார், அது டிவியின் பிளக். இன்னொருவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடித்துவிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். பலகையில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

மதியம் தாண்டியபோது ஒரு புள்ளி மட்டும் சிவப்பாகவே நின்றது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"வெளியே போயிருப்பாரு," என்றாள் விலாசம்.

அண்ணி திரையில் அவருடைய விவரத்தைத் திறந்தாள். முகம் மாறிவிட்டது. "ஐயோ, இவரா! ரயில் நிலையத்துல அறிவிப்பு சொல்லிக்கிட்டிருந்தவரு. தொண்டையில ஆபரேஷன் ஆகி குரலே போயிடுச்சு. இவரு எப்படிப் போனை எடுப்பாரு?" எழுந்து நின்றாள். "என் ஆளுங்க எல்லாரும் பிளக்கைத் தேடி ஊரெல்லாம் அலையுறாங்க. நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. கதவுக்குப் பக்கத்துல சாவிப்பெட்டி இருக்கும், திறக்கிற எண்ணைப் போன்ல சொல்றேன். ஓடுங்க!"

ஒற்றைவரியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். மேலாளரிடம் சொல்லவிருந்த வாதத்தையே மனம் இன்னும் மென்றுகொண்டிருந்தது. தன் பக்கம் நியாயம் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது.

சலவைக் கடைக்கு மேலே இருந்தது அந்த வீடு. அழைப்புமணியை அழுத்தினார்கள். யாரும் திறக்கவில்லை. ஒற்றைவரி கதவைத் தட்டினான். உள்ளேயிருந்து டொக், டொக் என்று ஏதோ கேட்டது. அண்ணி போனில் சொன்ன எண்ணை வைத்து அவள் சாவிப்பெட்டியைத் திறந்தாள்.

சமையலறைத் தரையில் கிடந்தார் அவர். கால் ஏடாகூடமாகத் திரும்பியிருந்தது. கையிலிருந்த கரண்டியால் அலமாரியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கழுத்துத் துவாரத்தின் மேல் கட்டிய வெள்ளைத் துணி, மூச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடங்கியது. பட்டன் மார்பில் கிடந்தது. சுவரில் பெட்டியின் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அவள் ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். ஒற்றைவரி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் சட்டையைக் கழற்றி மடித்து அவர் தலைக்கடியில் வைத்தான். அவர் விரல்களால் எழுதுவதுபோல் காட்டினார். பேனாவைக் கொடுத்தான். தாள் கிடைக்காமல் தன் உள்ளங்கையை நீட்டினான்.

'அமுக்கினேன் அமுக்கினேன் யாரும் வரலை' என்று எழுதினார்.

ஒற்றைவரி அதைப் படித்தான். கண் கலங்கிவிட்டது. "தப்பு என்னோடதுங்க. பெட்டிக்குள்ள இருக்கிறதை எழுதினவன் நான்தான். பதில் வராததை இல்லைன்னு நினைச்சு எழுதிட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கணும். கேட்கலை." அவன் இத்தனை வாக்கியங்களைத் தொடர்ந்து பேசி அவள் கேட்டதே இல்லை.

அவள் அடுக்கி வைத்திருந்த வாதம் அங்கேயே சரிந்தது. காரணத்தை மூலையில் வைத்தவள் அவள். அதைத் தேடிப் பார்ப்பது அடுத்தவன் பொறுப்பு என்று இருந்துவிட்டாள். அவளும் மண்டியிட்டாள்.

"தப்பு இவன் மேல மட்டும் இல்லைங்க. ரெண்டையும் பார்த்ததும் தெரியற மாதிரி நான் எழுதியிருந்தா இவன் ஏமாந்திருக்க மாட்டான். எனக்கும் பங்கு இருக்கு."

"இல்லை, நான்தான்…"

"கொஞ்சம் சும்மா இரு, நான் சொல்றேன்ல."

பெரியவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஒற்றைவரியின் கையைப் பிடித்து இழுத்து, மிச்சமிருந்த இடத்தில் எழுதினார்: 'சண்டை அப்புறம். முதல்ல தண்ணி.'

அவள் எழுந்து குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவரைத் தோளில் சாய்த்து நிமிர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் மேலாளர் கூட்டம் கூட்டி, "யாரால வந்தது?" என்று கேட்டபோது, இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "சரி, ரெண்டு பேருமாச் சேர்ந்து திருத்துங்க," என்று எழுந்துபோனார்.

அவள் லைப்ரரியை மாற்றி எழுதினாள். இருக்கிறது, இல்லை, இப்போது தெரியவில்லை என்று மூன்றும் இனி மூன்று வேறு விடைகளாகவே திரும்பி வரும். மூன்றுக்கும் என்ன செய்வதென்று சொல்லாதவரை நிரல் ஓட மறுக்கும். தெரியவில்லை என்று வந்தால் பொறுத்திருந்து திரும்பக் கேட்கவும், இந்தச் சர்வர் பேசாவிட்டால் அடுத்ததைக் கேட்கவும் ஒற்றைவரி எழுதினான். அந்தப் பகுதி ஒரு பக்கத்துக்கு நீண்டது. வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தார்கள்.

மருத்துவமனைக்குப் பார்க்கப்போனபோது பெரியவர் ஒரு சிலேட்டோடு தயாராக இருந்தார். திருத்தியதையெல்லாம் விலாசம் விளக்கிச் சொன்னாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் எழுதினார்: 'பச்சை விளக்கு எரிஞ்சுது. அதை நம்பித்தான் கிடந்தேன்.'

கரண்ட் இருந்தால் எரிகிற விளக்கு அது. அது உறங்கிய பெட்டியிலும் எரியும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

அவர் வீடு திரும்பிய அன்று, விளக்கையும் திருத்திய புதுப் பெட்டியோடு அண்ணியும் அவர்களோடு வந்தாள். மாட்டி முடித்ததும் பெரியவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, யாரையும் கேட்காமல் இன்டர்நெட் வயரைத் தானே பிடுங்கினார். விளக்கையே உற்றுப் பார்த்தார். சிறிது நேரத்தில் பச்சை அணைந்து சிவப்பு வந்தது. வயரைச் செருகினார், பச்சை திரும்பியது. இன்னொரு தடவை பிடுங்கினார்.

"போதும் அண்ணே, கெட்டுப்போயிடும்," என்றாள் அண்ணி.

அவர் சிலேட்டை எடுத்தார். 'சரி, நம்புறேன். இப்ப கிளம்புங்க, கால்பந்து ஆரம்பிக்கப் போகுது,' என்று எழுதிக் காட்டிவிட்டு, டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.