தோற்றால் அழும் மாமியார்

ஆப்பிரிக்க ஏரிக்கரை ஊர் ஒன்றின் கிபூயே சந்தையில் ரூசாலியா ஒமேனா என்ற பொடி மீனைத் தகர டப்பாவில் அளந்துகொண்டிருந்தாள். எதிரே வாடகை மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்த சவாரிக்காரன் ஒருவனின் போனிலிருந்து ஒரு பெண் ஓலமிட்டாள். ரூசாலியாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அது அவளுடைய சொந்தக் குரல்.

"தம்பி, அது என்னது?"

"இதுவா, செமேக்காரம்மா?" செமே ஊரிலிருந்து வந்தவள் என்பதால் சந்தையில் அவள் பேர் அது. "பந்தய ஆப். ஜெயிச்சா விசில் அடிக்கும், தோத்தா இந்தக் கிழவி அழுவா. நாங்க மாமியார்னு பேர் வெச்சிருக்கோம்." பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கண்ணடித்தான். "இவன்கிட்ட கேளுங்க. காலையிலேருந்து இவன் மாமியார் வாயே மூடல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரூசாலியா டப்பாவிலிருந்த மீனைக் குவியலிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு எழுந்தாள்.

நேரே அவள் போனது அண்ணன் மகள் அவினோவிடம். தையல் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் அவினோவும் அவள் கூட்டாளி ஒகேயோவும் கம்ப்யூட்டர் கேம் செய்கிறவர்கள். இரண்டரை வருடத்தில் செய்து முடித்தது ஒரே ஒரு கேம். ஏரியில் மூழ்கிய தம்பியின் உடலைத் தேடிப் படகில் போகிற ஒருவனின் கதை. கடைசியில் படகு கரை தட்டும்போது, ஒரே ஒரு முறை, ஒரு பெண்ணின் ஒப்பாரி கேட்கும். அவினோவின் அப்பா செத்த அன்று வாசலில் புரண்டு ரூசாலியா அழுத அழுகை அது. அவினோ அதைப் போனில் பதிந்து வைத்திருந்தாள். "இதைக் கேம்ல போடட்டுமா அத்தை?" என்று அவள் கேட்டதும், "உங்கப்பனுக்கு அழுதது, உன்கிட்டதான் இருக்கட்டுமே" என்று இவள் சொன்னதும்தான் ஒப்பந்தம். சொந்த அத்தையிடம் போய் யார் காகிதம் நீட்டுவார்கள்?

இப்போது அந்த அத்தை கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். மீன் வாடை அவளுக்கு முன்னால் வந்தது.

"என்னை யாருக்குடி வித்தீங்க?"

"அத்தை? முதல்ல உக்காருங்க..."

"உக்கார வரல. உங்கப்பனுக்கு அழுதது சூதாட்டக்காரன் போன்ல அழுதுக்கிட்டு இருக்கு. அதுக்கு மாமியார்னு பேரு வேற."

ஒகேயோ நம்பவில்லை. அந்த ஆப்பைத் தன் போனில் இறக்கி, இருப்பதிலேயே சின்னப் பந்தயமாக ஒன்று கட்டினான். தோற்றான். அடியில் மேளம் அதிர, அழுகை வேகம் கூட்டி வந்தது. "அண்ணா, அலை மேல நடந்தவனே" என்று அவினோவின் அப்பாவுடைய பட்டப்பேரைச் சொல்லி அழைக்கிற இடம். "அலை மேல" என்பதோடு வெட்டியிருந்தார்கள். அதற்குள் திரையில் 'மறுபடி ஆடு' என்று மின்னியது.

அவினோ போனை அவன் கையிலிருந்து பிடுங்கி அணைத்தாள்.

எப்படிப் போனது என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. அவர்கள் கேமை விற்றுக்கொடுக்கிற இணையக் கடை இரண்டு மாதத்துக்கு முன் விதிகளை மாற்றியிருந்தது. கேமில் உள்ள ஒலிகளைக் கடை தன் ஒலி நூலகத்தில் சேர்த்து யாருக்கும் விற்கலாம். 'ஏற்கிறேன்' என்று அழுத்தாதவர்களுக்குத் தள்ளுபடி வாரத்தில் கடையின் முதல் பக்கத்தில் இடம் கிடையாது. அழுத்தியது ஒகேயோ. வாயில் சப்பாத்தியோடு பின்னால் நின்று, "அழுத்துப்பா, நேரமாகுது" என்றவள் அவினோ.

ஒலியை எடுத்துவிடுங்கள் என்று கடைக்கு எழுதினார்கள். மதியமே பதில் வந்தது. அவினோ சத்தமாகப் படித்தாள்.

"'வாழ்த்துகள்! சோகம், ஆப்பிரிக்கா என்ற பிரிவில் உங்கள் ஒலிதான் முதலிடம்!'"

"சோகத்துக்குப் பிரிவா?" என்றாள் ரூசாலியா. "கருவாட்டைத் தரம் பிரிக்கிற மாதிரியா?"

"இருங்க அத்தை. நாம கடையை விட்டுப் போனாலும் ஒலி அவங்களோடதுதானாம். ஒரே ஒரு வழிதான் இருக்கு. அந்த ஒலி நம்மளுதே இல்ல, பொய்யா எழுதிக் கொடுத்துட்டோம்னு ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா ஒலியை எல்லா இடத்துலேருந்தும் எடுத்துடுவாங்க. நம்மளையும் எடுத்துடுவாங்க. ஆயுசுக்கும் அந்தக் கடையில கால் வைக்க முடியாது."

ஒகேயோ எழுந்துவிட்டான். "வர்ற வெள்ளிக்கிழமை முதல் பக்கத்துல வரப்போறோம், அவினோ! இப்பப் போய் நாமளே நம்மளைத் திருடன்னு எழுதிக் கொடுக்கணுமா?"

"ஒலி யாருடையதுன்னு படிவத்துல கேட்டப்ப, எங்களுடையதுன்னு போட்டது நாமதானே?" என்றாள் அவினோ.

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. அத்தை நம்ம அத்தைதானே!"

"அத்தை நம்ம அத்தைதான். அழுகை நம்மளுது இல்ல."

"சரி, வெள்ளிக்கிழமை போகட்டும். அதுக்கப்புறம் எழுதுவோம். ஒரு வாரம்தானே அத்தை?"

ரூசாலியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சாவு விழாத வீட்டுல ஓலம் போட்டா அங்க சாவு வரும்னு உங்கம்மா உனக்குச் சொல்லித் தரலையா? இந்த நிமிஷம் எத்தனை வீட்டுல நான் ஓலம் போட்டுக்கிட்டு இருக்கேன், சொல்லு பார்ப்போம். எண்ணிச் சொல்லு. இன்னும் ஒரு வாரம் அழணுமா நானு?"

ஒகேயோ லேப்டாப்பை அவினோ பக்கம் தள்ளினான். "நீயே எழுது. எனக்குக் கை வராது."

'இந்த அழுகை ரூசாலியாவுடையது. அவரிடம் கேட்காமல் எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தோம்' என்று அவினோ எழுதி அனுப்பினாள். நொடியில் பதில் வந்தது. 'உங்களைப் பிரிவதில் வருந்துகிறோம்.' பக்கத்தில் கண்ணீர் விடும் மஞ்சள் பொம்மை முகம் ஒன்று.

"தூ!" என்றாள் அவினோ.

மாலைக்குள் கேம் கடையிலிருந்து போய்விட்டது. ஒகேயோ அதைத் தாங்களே நடத்துகிற ஒரு சின்ன இணையப் பக்கத்தில் ஏற்றினான். முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தன் ஒகேயோவின் தம்பி.

பத்து நாள் கழித்து, மீன் வாங்கச் சந்தைக்கு வந்த அவினோவைப் பார்த்து அதே சவாரிக்காரன் கூவினான். "செமேக்காரம்மா மருமகளே, சேதி தெரியுமா? மாமியாரை மாத்திட்டானுங்க! இவ இளசு!"

ரூசாலியா குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். "போடு, கேப்போம்."

"அதுக்கு நான் தோக்கணுமேம்மா."

"நீ என்னிக்கு ஜெயிச்ச? போடு."

போட்டான். தோற்றான். ஒரு பெண் அழுதாள். என்ன பாஷையோ, மேளத்துக்கு அடியில் ஒரு பேர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ரூசாலியா தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டாள். பிறகு மண்ணில் காறித் துப்பினாள்.

"பிள்ளையைப் பறிகொடுத்தவ இவ."

"எப்படி அத்தை தெரியும்?"

"மூச்சு எங்க உடையுதுன்னு கேளு, தெரியும். இவ வீட்டுலயும் உன்னை மாதிரி ஒருத்தி எங்களுடையதுன்னு எழுதிக் கொடுத்திருப்பா. அழுகை எங்க போய்ச் சேர்ந்திருக்குன்னு அவளுக்குச் சொல்ல வேணாமா? தேடிப் பிடி."

அவினோ பதிந்துகொள்ளத் தன் போனை எடுத்தாள். பொத்தான்வரை போன விரலை இழுத்துக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டாள்.

"அண்ணே, இன்னொரு தடவை போடுங்க" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பேரைப் பிடிக்கக் காதைக் கொடுத்தாள்.