கறுப்புப் பட்டில் தைத்த பெயர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எண்ணெய் மண்டி வைத்திருந்த கஸ்பாருக்கு மனைவி போன துக்கம் பெரியது. அது ஊருக்கும் பெரிதாகத் தெரியவேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை. இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கோயில் பீடத்தின் முன்னால் தொங்கவிட, பூவேலை செய்த கறுப்புப் பட்டுத் துணி தருவதாகச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். தைக்கிற வேலை மைத்துனி இன்னாசிமேரியின் தலையில் விழுந்தது. கன்னியர் மடத்தில் பூத்தையல் படித்தவள், கூலியும் கேட்கமாட்டாள்.

அவளுக்கு ஒரே ஆசை. துணியின் நடுவில் வெள்ளிச் சரிகையால் அக்கா வேளாங்கண்ணியின் பெயர் இருக்கவேண்டும். கல்லறையில் நட்டது மரச்சிலுவை. அதில் எழுதிய பெயரை முதல் மழையே கழுவிவிட்டது. கஸ்பார் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுக்கிறவர் பெயர்தான் வரவேண்டுமாம். அப்படியானால் 'உபயம்' என்று சேர்க்கட்டுமா என்று கேட்டாள். அதெல்லாம் சில்லறை ஆட்களுக்கு, தன் பெயர் மட்டும் போதும், மேலே பெரிதாக ஒரு சிலுவை போடு என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்துக் கொடுத்தாள்.

திருநாளன்று துணி ஜொலித்தது. செபங்களை முன்னின்று சொல்லும் உபதேசியார் ஞானதாஸ் ஊருக்குப் புதிது. சிலுவையைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், "மரித்த கஸ்பாரின் ஆத்துமத்துக்காக வேண்டிக்கொள்வோம்" என்று கணீரென்று ஆரம்பித்துவிட்டார். கோயில் மொத்தமும் முழங்காலிட்டு அவருக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டது. முன்வரிசையில் இருந்த கஸ்பாரும் பழக்க தோஷத்தில் பாதிவரை சேர்ந்து சொல்லிவிட்டார். வாசலில் வெளியூர்க் கிழவி ஒருத்தி, செத்துப்போன கஸ்பார் உங்களுக்கு என்ன உறவு என்று அவரிடமே பரிவாக விசாரித்தாள்.

அடுத்த அரைமணியில் துணியைச் சுருட்டிக்கொண்டு மைத்துனி வீட்டுக்கு வந்து நின்றார்.

"இந்தப் பேரைப் பிரிச்சுட்டு அவ பேரைப் போடு."

"எவ பேரைங்க?"

"உங்கக்கா பேரைத்தான்."

"பேரைச் சொல்லுங்க மச்சான்."

கஸ்பார் திணறினார். குடித்தனம் நடத்திய காலமெல்லாம் அவளை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டிருந்தார். ஒருவழியாக, "வேளாங்கண்ணி" என்றார்.

இன்னாசிமேரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கத்தன்று வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டதில் அழக்கூட நேரமில்லாமல் போயிருந்தது. இப்போது வாய்விட்டு அழுதாள். கஸ்பார் சற்றுநேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, சாயங்காலச் செபத்துக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டார்.

"முடியாதுங்க," என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவ பேரு நீளம். நீங்க இன்னிக்குத்தான சொல்லிப் பாக்கறீங்க."