அத்தை இறுக்கிய சக்கரம்

பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, தன் டிராக்டரில் மாட்டி, இருநூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தாள் அத்தை. துணைக்கு அண்ணன் மகள். பதினாறு வயது, ஒல்லிக்குச்சி. அத்தைக்கு அவள் கொசு.

கொசுவுக்கு ஒரே வேலை. வண்டி நிற்கும்போதெல்லாம் டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும்.

"இடது பக்கம் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது அத்தை."

"லூசா ஆடுதுடி, அதான்." அத்தை மூடியைக் கழற்றி, விளிம்பில் பல் பல்லாக வெட்டியிருந்த நட்டை ஒரு பல் அளவு இறுக்குவாள். அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கொதிக்கும். இன்னும் இறுக்குவாள். மூன்று தடவை ஆயிற்று. 'ரொம்ப இறுக்காதீங்கம்மா, பேரிங் எரிஞ்சிடும்' என்று விற்றவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அத்தை காதில் போட்டுக்கொண்டால்தானே. பேரிங் எரிந்தால் நடுரோடுதான் கதி. நாளை அறுவடை மூட்டை ஏற்ற வேறு வண்டி கிடையாது.

அத்தை டீ குடிக்கப் போன நேரம், கொசு ஸ்பேனரை எடுத்தாள். நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருந்த பின்னை உருவி, மூன்று பல்லையும் தளர்த்தி, பின்னைத் திரும்பச் செருகி மூடிவிட்டாள்.

வண்டி கிளம்பிய பிறகுதான் சந்தேகம் வந்தது. பின்னின் கால் இரண்டையும் வளைத்தோமா? வளைக்காவிட்டால் அது உருவிக்கொள்ளும். நட்டு கழலும். சக்கரம் தனியாக ஊர்வலம் போகும்.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் விழுங்கினாள். அத்தையோ ராகம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கமாகப் பாடிக்கொண்டு வந்தாள். முன்னால் பெரிய இறக்கம் தெரிந்தது. கொசுவுக்குப் பயத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடி இளிப்பு?"

"நிறுத்துங்க அத்தை. சக்கரம் கழண்டுடும்."

"வாயைக் கழுவுடி."

"நான்தான் கழட்டினேன். கொஞ்சம்."

அத்தை ஓரங்கட்டி இறங்கினாள். திட்ட வாயைத் திறந்தபடியே சக்கரத்தில் கை வைத்தாள். நம்பாமல் கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள்.

"பூனைக்குட்டி மாதிரி வெதுவெதுன்னு இருக்குடி."

மூடியைத் திறந்தார்கள். அந்தப் பின், பாதி வெளியே வந்து, வளைக்காத காலை நீட்டிப் படுத்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள், இறக்கத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ரோட்டோரம் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

"உங்கப்பன்கிட்ட என்னடி சொல்றது?"

"நீங்க இறுக்கினதை நான் சொல்லலை. நான் வளைக்காததை நீங்க சொல்லாதீங்க."

"கொசுவுக்கு வாயைப் பாரு." அத்தை ஸ்பேனரையும் பிளேயரையும் அவள் மடியில் போட்டாள். "வளை. இனிமே சூடு பார்க்கறது நான்."

"சூடா இருந்தா?"

"கையைக் கட்டிக்கிட்டு உன்னைக் கூப்பிடறேன், தாயே."