எழுதிக் கொடுத்த இடம்

செத்துக் கிடந்த புருஷன் அழகையாவின் கால் பெருவிரல்களை வெள்ளைத் துணிக்கிழிசலால் ராசம்மா சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, குழி வெட்டப் போன நாலு பேரும் மண்வெட்டியோடு திரும்பி வந்தார்கள். போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் சாவுத் தப்பு அடித்தவர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள்.

நால்வரில் மூத்தவர் செல்லமுத்து. அவர் ராசம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மகன் சதீஸ்குமாரிடம் ஒரு போட்டோ கொப்பியை நீட்டினார்.

"மயானத்துல வெட்டக் கூடாதாம் தம்பி. ஏர்போர்ட் ஆபீஸ்காரன் வந்து நிப்பாட்டிட்டான். நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கன்னு இதக் காட்டுறான்."

"எந்த நாசமாப் போனவன் எழுதிக் குடுத்தான்?" ராசம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

செல்லமுத்து பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மயானத்தை ஒட்டிய விமானத் திடலின் கதை தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரத் துரை ஒருவர் தும்பி மாதிரி ஒரு பிளேனில் கொழும்புக்குப் போய்வர ஆசைப்பட்டு, தேயிலையைப் பிடுங்கிப் புல் போட்ட இடம். பிடுங்கியது ராசம்மாவின் தாத்தா கூட்டம். துரை கப்பலேறிய பிறகு மாடு மேய்ந்தது, பொடியன்கள் கிரிக்கெட் அடித்தார்கள், மண்சரிவு வருஷம் ஹெலிகாப்டர் இறங்கிச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தது. இப்போது எல்ல ஊருக்குச் சுற்றுலா வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக ஓடுபாதையை இன்னும் அறுநூறு மீட்டர் நீட்டப் போகிறார்களாம். அந்த அறுநூறு மீட்டருக்குள்தான் மயானம் கிடந்தது. ஒருத்தரும் சம்மதிக்கக் கூடாது என்று ஆட்களைக் கூட்டி வைத்து முழங்கியவர், தோட்டத் தலைவர் அழகையா.

அப்படியும் போன மாதம் ஒரு பேச்சுக் கிளம்பியது, தலைவரே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று. ராசம்மா கேட்டதற்கு, "பைத்தியமா ஒனக்கு?" என்று சிரித்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மாரியம்மன் கோயிலில் அத்தனை பேருக்கும் முன்னால், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "எம் புருஷன் போடல, ஆத்தா மேல சத்தியம்" என்றாள். அதோடு ஊர் வாய் அடைத்துப்போனது. அழகையா பக்கத்தில்தான் கை கட்டி நின்றார். வீட்டுக்கு வந்து அவள் கைக்கு மருந்துகூடப் போட்டுவிட்டார்.

"படிடா" என்றாள் மகனிடம்.

அவன் தாளை மடிக்கப் போனான். தாளைப் பிடுங்கி, ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டினாள். மயானத்தை ஒப்படைக்கச் சம்மதம். பதிலுக்கு ஹாலிஎல ரோட்டில் புது மயானம். மகனுக்கு விமான நிலையத்தில் நிரந்தர வேலை. மக்கள் சார்பில், அழகையா. அவள் கற்பூரம் அணைத்ததற்கு ஆறு நாள் முந்திய தேதி.

"ஒனக்குத் தெரியுமா?"

"எனக்காகத்தாம்மா போட்டாரு. நீ கோயிலுக்குப் போவேன்னு நாங்க நெனைக்கல."

நாங்க. அப்பனும் மகனும் ஒரு கட்சி. அவள் ஒருத்திதான் ஊரோடு சேர்ந்து ஏமாந்தவள்.

அழகையாவுக்கு மாரடைப்பு என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பொய்ச் சத்தியம் பண்ணினவள் இவளல்லவா? ஆத்தா ஆள் மாறித் தூக்கிவிட்டாளா? முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் ஊருக்குப் பொய் சொன்னதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அந்தப் பொய்யை அவள் வாயாலேயே சொல்ல வைத்து, பார்த்துக்கொண்டு நின்றாரே.

செல்லமுத்து தொண்டையைச் செருமினார். "என்ன இருந்தாலும் நம்ம தலைவரு. எல்லாருமாச் சேந்து தூக்கிட்டுப் போனா அந்த ஆபீஸ்காரன் என்ன செய்வான்? அவங்கப்பா, அம்மா பக்கத்துலயே வச்சிருவோம் தங்கச்சி."

"வேணாண்ணே."

"என்னா பேசுற?"

"ஹாலிஎல ரோட்டுக்குக் கொண்டு போங்க. அவரு எழுதிக் குடுத்த எடந்தானே. அவரே மொத ஆளாப் போகட்டும்."

சதீஸ்குமார் அவள் கையைப் பிடித்தான். "அம்மா, அது வெறும் காடும்மா. ஒரு குழிகூட இல்ல. அப்பா தனியாக் கெடப்பாரு."

அவள் கையை உருவிக்கொண்டாள். குனிந்து, பெருவிரல் கட்டின் முடிச்சைப் போட்டு முடித்தாள்.

மூன்று மணிக்கு லொறி வந்தது. ஆண்களில் ஏழெட்டுப் பேர்தான் ஏறினார்கள். பெண்கள் லயத்துக் கோடிவரை போய்த் திரும்பினார்கள். பிணம் எடுத்த வீட்டை அக்கம்பக்கத்துப் பெண்கள் கழுவிவிடுவதுதான் வழக்கம். ராசம்மா வாசலில் கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரும் வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அவளே மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போனாள்.

அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவளைக் கண்டதும் முன்னால் நின்றவள் தன் வாளியை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். துக்க வீட்டுக்காரிக்கு வழி விடுகிறார்களா, தள்ளி நிற்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. 

பீலிக்குக் கீழே வாளியை வைத்தாள். அது நிறைந்து வழிந்தது. அவள் தூக்கவில்லை. யாரும் தூக்கச் சொல்லவும் இல்லை.