தெரிந்துகொள்வதற்கு மட்டும்

அன்றைக்கு நான் எழுதியதே எனக்கு நினைவில்லை. வார்டில் இரண்டு பேர் டியூட்டிக்கு வரவில்லை. முப்பத்திரண்டு கட்டிலுக்கு நாங்கள் மூன்றே நர்ஸ்கள். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஃபிரிட்ஜ் மேலிருந்த நீள நோட்டை எடுத்திருக்கிறேன். இருபத்துநாலு வருஷப் பழக்கத்தில் கை தானாக எழுதியிருக்கிறது:

“திங்கள், 2.50. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. சின்னவள் 1.10க்குப் பேசினாள். அழுதாள். ஆபீசில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. அறையில் புழுக்கம். அப்பாவிடம் சொல்லாதே என்றாள்.”

கடைசி வரியையும் சேர்த்துத்தான். வார்டில் அப்படித்தானே பழக்கம், நோயாளி சொன்னதில் ஒரு சொல்லையும் விடக் கூடாது. எழுதிவிட்டு, நோட்டை அதன் இடத்தில் வைத்துவிட்டு, சோபாவில் விழுந்து தூங்கிப்போனேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குக் காலை ஏழிலிருந்து இரண்டு வரை ஆஸ்பத்திரி. அவருக்கு இரண்டிலிருந்து பத்து வரை குடிநீர் பம்ப் ஹவுஸ். பிள்ளைகளோடு வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்று, பெரியவன் பிறந்தபோது நாங்களே கேட்டு வாங்கிக்கொண்ட ஷிப்ட். நான் வீடு திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். அவர் வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். ஆகவே குடும்பம் நடந்தது அந்த நோட்டில்தான். ‘பெரியவனுக்கு இருமல். சிரப் ஒரு மணிக்குக் கொடுத்தாயிற்று.’ ‘சின்னவள் கணக்கு டெஸ்ட் பேப்பரை மறைக்கிறாள். பைக்குள் பார்.’ படித்ததும் அவர் சிவப்பு மையில் ஒரு டிக் போடுவார். பம்ப் ஹவுஸ் லாக் புக்கில் போடுவது போல. இப்போது பதினேழாவது நோட்டு.

பெரியவன் வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு நிமிஷம் பேசுவான். சின்னவள் போய் மூன்று மாதம். கட்டட பிளான் வரைகிற ஆபீசில் வேலை, பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரம். தினமும் அவளுடைய சாப்பாட்டு வேளையில், சரியாக ஒன்று பத்துக்கு, எனக்கு போன் செய்வாள். மத்தியான மாத்திரைகளைக் கொடுத்து முடித்துவிட்டு வார்டின் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இரண்டு பக்கமும் கூரை வரை அடுக்கிய பெட்ஷீட்டுகள். சோப்பு வாசனை. அங்கே நின்றுகொண்டு பத்து நிமிஷம் பேசுவோம். பெரிதாக ஒன்றுமிருக்காது. ஹாஸ்டல் பக்கெட்டில் ஓட்டை, பக்கத்து சீட்டுப் பெண் மூக்கை உறிஞ்சுகிறாள், இப்படி. நாளில் நான் உட்காராமலே இளைப்பாறுவது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை குழாய் சொட்டவில்லை. வாஷர் மாற்றியிருந்தார். நோட்டில் டிக் இருந்தது. அதன் கீழே, “புதன், வார லீவு. வெளியே போகிறேன். ராத்திரி சமைக்க வேண்டாம், வந்து பார்த்துக்கொள்கிறேன்” என்றிருந்தது. முடி வெட்டப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முந்தின நாள் நான் எழுதியதை ஒரு தடவை திரும்பப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

புதன்கிழமை ஒன்று பத்துக்கு போன் வரவில்லை. ஒன்று இருபத்தைந்துக்கு வந்தது.

“அம்மா,” என்றாள் சின்னவள். குரல் கிசுகிசுப்பாக, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. “அப்பா இங்க ரிசப்ஷன்ல உக்காந்திருக்காரு.”

“எங்க?”

“என் ஆபீஸ்ல! மடியில ஒரு டேபிள் ஃபேன். கக்கத்துல என் பழைய தலைகாணி.”

என் கை பக்கத்திலிருந்த பெட்ஷீட் அடுக்கைப் பிடித்துக்கொண்டது.

“அதுவாவது பரவாயில்லை. நேரா எங்க மேனேஜர் ரூமுக்குப் போயி, ‘இந்தப் பொண்ணுக்கு இது முதல் வேலை சார், ஆரம்பத்துலயே ஃபுல் ப்ரஷர் குடுத்தா பைப்பு தாங்காது, கொஞ்சம் குறைச்சு வைங்க’ன்னு சொல்லியிருக்காரு. நான் என்ன பம்பாம்மா? கதவு திறந்துதான் இருந்துச்சு. அத்தனை பேரும் கேட்டாங்க.”

“நான் அவர்கிட்ட சொல்லவே இல்லடி…”

“நோட்டுல எழுதியிருந்துச்சாம். அப்பாவே சொன்னாரு. ‘அப்பாகிட்ட சொல்லாதேன்னு நீ சொன்னதையும் எழுதியிருந்தா’ங்கறாரு. எனக்கு இருபத்திரண்டு வயசாகுது. இன்னும் நான் அந்த நோட்டுல இருக்கேனா?”

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

“உன்கிட்ட மட்டுந்தான்மா சொன்னேன். இனிமே உன்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

போன் நின்றுவிட்டது. வெளியே வார்டு இன்சார்ஜ் அக்கா கதவைத் தட்டினாள். “என்னடி உள்ள பெட்ஷீட் எண்ணறியா, பிரசவம் பார்க்கறியா? மூணாம் கட்டிலுக்கு சலைன் முடிஞ்சிருச்சு.”

அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் வந்தார். ஃபேன் கையில் இருந்தது. வயர் அவிழ்ந்து பின்னால் தரையில் இழுபட்டு வந்தது. எட்டு மணி நேர பஸ் பயணம் முகத்தில் புழுதியாகப் படிந்திருந்தது. ஃபேனை மேஜைமேல் வைத்துவிட்டு, “ஃபேன் வேண்டாம்னுட்டா. தலைகாணிய மட்டும் வாங்கிக்கிட்டா,” என்றார்.

நோட்டைத் திறந்து அவர் முன்னால் போட்டேன். சண்டை போடக்கூடத் தெம்பில்லை. உட்கார்ந்தபடியே கேட்டேன்.

“சொல்லாதேன்னு அவ சொன்னதா எழுதியிருக்கே, படிக்கலையா?”

“படிச்சேன்.”

“அப்புறமும் எதுக்குப் போனீங்க?”

அவர் உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். “நீதானே எழுதியிருந்தே. எழுதியிருந்தா செய்யணும் இல்ல?”

“நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதறது.”

“தெரிஞ்சுக்கிட்டு?”

“தெரிஞ்சுக்கிட்டு சும்மா இருக்கறது. வார்டுல அப்படித்தான். ஒன்பதாம் கட்டில் ராத்திரி அழுதாங்கன்னு எழுதுவோம். அடுத்த ஷிப்டு படிச்சுட்டு, அந்தப் பக்கம் போறப்ப ஒரு பார்வை அதிகமா பாக்கும். அவ்வளவுதான். போயி ஏன் அழுதேன்னு உலுக்காது.”

“எங்க இடத்துல தெரிஞ்சுக்கறதுக்குன்னு எவனும் எழுத மாட்டான்,” என்றார் அவர். “மூணாம் நம்பர் வால்வு கசியுதுன்னு எழுதியிருந்தா, ஸ்பேனர எடுத்துக்கிட்டுப் போகணும். போகலைன்னா விடியறதுக்குள்ள ஊருக்கே தண்ணி இருக்காது.”

இரண்டு பேரும் அந்தப் பக்கத்தையே பார்த்தோம். இருபத்துநாலு வருஷமாக ஒரே நோட்டு. நான் ஒன்றை நினைத்து எழுதியிருக்கிறேன், அவர் வேறொன்றாகப் படித்திருக்கிறார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரை அது தெரியவேயில்லை. இருமல் என்று எழுதினால் மருந்துதான் கொடுக்க வேண்டும், அதில் தெரிந்துகொள்ளவும் செய்யவும் தனித்தனியாக என்ன இருக்கிறது?

“அவ அழுதாளா?” என்று கேட்டேன்.

“இல்ல. என்னை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டா. ஒரு வார்த்தை பேசலை. பஸ் கிளம்பறப்ப ஜன்னல்ல தண்ணி பாட்டில் குடுத்தா.” செருப்பைக் கழற்றக் குனிந்தவர் குனிந்தபடியே சொன்னார்: “ரொம்ப இளைச்சிட்டா.”

வியாழக்கிழமை ஒன்று பத்துக்குத் துணி அறைக்குள் போய் நின்றேன். வெள்ளிக்கிழமையும் நின்றேன். சனிக்கிழமை கதவைச் சாத்தவில்லை; சும்மா பெட்ஷீட்டுகளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மறுபடி மடித்து வைத்தேன். நானாக போன் செய்திருக்கலாம். செய்தால் எடுப்பாள். ‘சொல்லும்மா’ என்பாள். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், சரி, வைக்கிறேன் என்பாள். பெரியவன் அப்படித்தான் ஆனான். என்றைக்கு ஆனான் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவனுடைய பேச்சு நாலு நிமிஷமாகச் சுருங்கிய பிறகுதான் கவனித்தேன். இவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்பதுதான் என் பயமெல்லாம். இருப்பது இந்த ஒரு பத்து நிமிஷம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவன் பேசினான். விஷயம் அவனுக்கும் போயிருந்தது.

“விடும்மா, சரியாயிடுவா. நல்லவேளை, அப்பா என் ஆபீசுக்கு வரலை.”

“நீ ஏதாவது சொன்னாத்தானேடா அவர் வர்றதுக்கு?”

சிரித்தான். “அதனாலதான்மா சொல்றதில்ல,” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அன்று முழுக்க அவர் நோட்டைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

திங்கட்கிழமை ஒன்று பத்துக்கு நான் துணி அறையில் இல்லை. பதினாலாம் கட்டில் பாட்டிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பையில் போன் அதிர்ந்தது. கட்டை முடித்து, கை கழுவி, போய்க் கதவைச் சாத்துவதற்குள் இரண்டு தடவை அடித்து ஓய்ந்திருந்தது. மூன்றாவது தடவை எடுத்தேன்.

“எங்க போனே?” என்றாள் சின்னவள், நடுவில் நாலைந்து நாள் இல்லவே இல்லாதது போல.

“வேலை செய்யறேன்டி. சம்பளம் குடுக்கறாங்கல்ல.”

“ஆபீஸ்ல இப்ப எனக்கு என்ன பேரு தெரியுமா? பம்பு. காலையில வந்ததும் மேனேஜரே கேக்கறாரு, ‘இன்னிக்கு ப்ரஷர் எப்படிம்மா?’ன்னு.”

“நீ என்ன சொன்னே?”

“நார்மல் சார்னேன். வேற என்ன சொல்றது?” மூச்சை இழுத்துக்கொண்டாள். “அம்மா, ஒண்ணு சொல்லணும். இது நோட்டுல ஏறுமா?”

“ஏறாது.”

“சத்தியமா?”

“ஏறாதுடி.”

“கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கட்டட வேலை எடுத்திருக்காங்க. சைட்டுலயே தங்கி வரையறதுக்கு ஆள் வேணுமாம். ரெண்டு வருஷம். நான் பேர் குடுத்திருக்கேன்.”

கீழ் அடுக்கில் ஒரு பெட்ஷீட் மடிப்புக் கலைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

“போன வாரந்தானே அழுதே?”

“அழுதேன்தான். படிக்கட்டு அகலத்தைத் தப்பா போட்டுட்டேன், ‘இந்தப் படியில நீயே ஏறிக் காட்டு’ன்னு அத்தனை பேர் முன்னாடி மேனேஜர் சொன்னாரு. அழுகை வராதா? அதுக்காக வேலை பிடிக்கலைன்னு அர்த்தமா? நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” குரல் இறங்கியது. “பத்து நாள்ல முடிவு தெரியும். கிடைச்சா நானே வந்து அப்பாகிட்ட சொல்றேன். அதுவரைக்கும் வேண்டாம். இப்பவே தெரிஞ்சா, சூட்கேஸத் தூக்கிக்கிட்டு அங்க போயி நிப்பாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தொங்கிய பெட்ஷீட்டை எடுத்து மடித்து வைத்தேன்.

“சரி,” என்றேன். “தலைகாணி எப்படி இருக்கு?”

“தூக்கம் வருது,” என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது நோட்டு ஃபிரிட்ஜ் மேலேதான் இருந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனாவை மூடி கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். எழுதச் சொல்லிக் கேட்கிறார் என்று அர்த்தம். வெகு நேரம் நான் நோட்டை எடுக்கவில்லை. பிறகு எழுதினேன்: “திங்கள். சின்னவள் பேசினாள். நன்றாக இருக்கிறாள்.”

எழுதியதைப் படித்தேன். இருபத்துநாலு வருஷத்தில் நான் இவ்வளவு குறைவாக எழுதிய நாள் கிடையாது. பக்கத்தில் பாதி காலியாகக் கிடந்தது. பொய் இல்லை, ஆனாலும் ஏதோ திருடியது போல இருந்தது. காலி இடம் உறுத்த, கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: “எனக்கு இடது முழங்கால் ஒரு மாதமாக வலிக்கிறது. தெரிந்துகொள்வதற்கு மட்டும்.”

மறுநாள் ஐந்தரைக்கு நான் எழுந்து வந்தபோது அவர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக எட்டு மணி வரை தூங்குகிறவர். கண்ணை முழுசாகத் திறக்காமல், ரப்பர் பையில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உக்காரு. காலை நீட்டு.”

“தெரிஞ்சுக்கத்தான்னு எழுதியிருந்தேனே.”

“தெரிஞ்சுக்கிட்டேன். உக்காரு.”

உட்கார்ந்தேன். முழங்காலில் பையை வைத்து, வழுக்காமல் ஒரு துண்டால் சுற்றிக் கட்டினார். வால்வுக்குக் கட்டுவது போல இரண்டு முடிச்சு. பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைப் பார்க்காமல் கேட்டார்.

“அவ என்ன சொன்னா?”

“நல்லா இருக்கா.”

“நல்லாங்கறது எவ்வளவு?”

“அதெல்லாம் அளவு கிடையாது.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். தூக்கமில்லாத, சவரம் செய்யாத முகம். எட்டு மணி நேரம் பஸ்ஸில் மடியில் ஃபேனை வைத்துக்கொண்டு போய்வந்த முகம். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பத்து நாள்தான். ஆனால் துணி அறையில் ‘ஏறாது’ என்று சொன்னது நான்.

“சொன்னா,” என்றேன். “ஆனா அது அவ சொல்ல வேண்டியது. என்னைக் கேக்காதீங்க.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே முதல் பஸ் போகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“கெட்ட விஷயம் இல்லையே?”

“கேக்காதீங்கன்னேன்.”

“சரி,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கோ சொல்வது போல மறுபடி, “சரி.”

குனிந்து, துண்டுக்கு மேலாகக் கையை வைத்து, சூடு போதுமா என்று பார்த்தார். கையை எடுக்கவில்லை. ஆறேகாலுக்கு என் பஸ். கிளம்ப இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. இரண்டு பேரும் விழித்திருக்கிற, பிள்ளைகளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லாத இருபது நிமிஷம். என்ன பேசுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

“வலி எப்ப அதிகமா இருக்கு?” என்று கேட்டார் அவர். “ஏறும்போதா, இறங்கும்போதா?”

“இறங்கும்போது,” என்றேன்.