கறுப்புச் சில்லு

"அப்பா, சூரியனுக்கு மச்சம் இருக்கு, தெரியுமா?" என்று சனிக்கிழமை இரவு பாப்பா கேட்டாள்.

"யார் சொன்னா?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று பகல் முழுவதும் அவள் மாமா வீட்டில்தான் இருந்தாள்.

அந்த மாமா என் மனைவியின் அண்ணன்; எனக்கு மச்சான். மனைவி இறந்ததிலிருந்து, பாப்பா தங்களிடமே வளரட்டும் என்று அந்த வீட்டில் பேச்சு. பாப்பாவுக்கு ஆசை காட்ட முதலில் ஒரு பூனைக்குட்டி வந்தது, பிறகு ஊஞ்சல். இப்போது சூரியன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் தொலைநோக்கியைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். பெட்டியிலிருந்து நாணய அளவில் ஒரு கறுப்புக் கண்ணாடிச் சில்லை எடுத்தார்.

"இத மாட்டிட்டா சூரியன் நிலா மாதிரி ஆயிடும் மாப்ளே."

"எங்க மாட்டணும்?"

"கண்ணு வைக்கிற பக்கம்."

"முன்பக்கம் இல்லையா?"

"இங்கதான் மரை இருக்கு."

நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். குழாயின் முன்வாயில் மாட்டினால் வெயில் வடிகட்டித்தான் உள்ளே வரும். கண்ணருகே மாட்டினால் வெயில் மொத்தமும் குவிந்து அந்தச் சில்லின் மேல்தான் விழும். அதைச் சொன்னேன்.

"கடைக்காரனே பெட்டியில வச்சுக் குடுத்தது. அவனுக்குத் தெரியாதா?"

"அவனுக்கு விக்கத் தெரியும்."

"நீ குடிக்கிற தண்ணியக்கூட விசாரிச்சிட்டுத்தான் குடிப்ப போல."

யாரும் பார்க்க வேண்டாம், சில்லை மாட்டிச் சும்மா வெயிலில் நிற்கட்டும், தாங்குகிறதா பார்ப்போம் என்றேன். குழாயின் நிழல் தரையில் ஒரு வட்டமாகச் சுருங்கும்வரை திருப்பிவைத்தேன். மூவரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தோம்.

"முட்டைய அடுப்புல வச்சிட்டுக் காத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார் மச்சான்.

பாப்பா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் சிரித்ததும் அவர் என்னைப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

டிக் என்று ஒரு சத்தம்.

குழாயைச் சூரியனிலிருந்து விலக்கிவிட்டுச் சில்லைக் கழற்றினேன். விரலைச் சுட்டது. குறுக்கே ஒரு விரிசல்.

"பாப்பா, நேத்து மாமா வீட்டுல இதுல பாத்தியா?"

அவள் மாமாவைப் பார்த்தாள்.

மச்சானின் சட்டை என் கையில் இருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. ஒரு பொத்தான் தெறித்து ஓடியது. அவர் கையை ஓங்கவுமில்லை, விலக்கவுமில்லை.

"நான் பாக்கல!" பாப்பா அழுதாள். "மாமாதான் பாத்தாரு. எனக்கு வரைஞ்சுதான் காட்டினாரு. எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? அப்பா சரின்னாதான் உனக்குன்னாரு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அப்பாவுக்கும் காட்டலாம், அதுவரைக்கும் ரகசியம்னாரு."

சட்டையை விட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வேறு கேள்விதான் வந்தது.

"எந்தக் கண்ணால பாத்தீங்க?"

"வலது."

"ரொம்ப நேரமா?"

"விட்டு விட்டுத்தான். நல்லாதான் இருந்துச்சு மாப்ளே. வலியே இல்ல."

விழித்திரை வெந்தால் வலிக்காது. அதை நான் சொல்லவில்லை. அவருடைய இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன்.

"எதிர்ல மருந்துக்கடை போர்டு. படிங்க."

பள்ளிப் பையன் மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதியில் நின்றார்.

"நடுவுல ஒரு எழுத்து மட்டும் அழிஞ்சிருக்கு."

"சரி, அடுத்த எழுத்து?"

தலையை லேசாகத் திருப்பினார். "அதுவும்... நான் பாக்கிற எழுத்துதான் அழியுது."

பலகை புதிது. நேற்றுத்தான் மாட்டினார்கள்.

"பாப்பாவுக்கு இப்பத் தெரிய வேணாம்" என்று என் காதருகே சொன்னார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிச் சாவியை எடுத்துவரச் சொல்லிப் பாப்பாவைக் கீழே அனுப்பினேன். மச்சான் படியில் முதல் காலை வைத்துவிட்டுத் தயங்கினார். தோளைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.